லேபிளில் 212 கிராம், தராசில் 139 கிராம்: உங்கள் டங்ஸ்டன் பஃபர் பற்றிய புகார்

பெறுநர்:
தரக் கட்டுப்பாட்டு மேலாளர்,
வாடிக்கையாளர் குறைதீர்ப்புப் பிரிவு

ஐயா / அம்மையீர்,

வணக்கம். ஒன்பது வாரங்களுக்கு முன் உங்களிடம் 9 மி.மீ. போட்டிக் கார்பைனுக்கான (குட்டையான நீள்துப்பாக்கி) பஃபர், ஸ்பிரிங் செட் ஒன்றை வாங்கினேன். பஃபர் என்பது சுடும்போது துப்பாக்கியின் பின்பகுதியில் எடையாக ஓடும் உறுப்பு. ஆர்டர் எண்ணும் ரசீதும் இணைப்பில் உள்ளன. லேபிளில் ‘டங்ஸ்டன், 7.5 அவுன்ஸ்’ என்று அச்சிட்டிருக்கிறீர்கள். கிராமில் சொன்னால் சுமார் 212. என் தராசில் அது 139 கிராம்தான் நிற்கிறது. உங்கள் உதவிப் பிரிவுக்கு இதுபற்றி மூன்று முறை எழுதினேன். ஒவ்வொரு முறையும் ஒவ்வொரு சாக்கு வந்தது: தோட்டா, ஸ்பிரிங், உத்தரவாதம். அதனால் இப்போது உங்களுக்கே நேராக எழுதுகிறேன்.

பஃபர் எடையில் கொஞ்சம் கூடக்குறைய இருப்பதால் என்ன வந்துவிடும் என்று உங்கள் பிரிவில் யாராவது நினைக்கக்கூடும். 5.56 மி.மீ. ரைபிளில், தோட்டாவைப் பின்னாலிருந்து அடைத்து நிற்கும் போல்ட் சுழன்று பூட்டிக்கொள்ளும், அழுத்தம் இறங்கிய பிறகுதான் திறக்கும். 9 மி.மீ. கார்பைன்களில் பெரும்பாலானவை நேரடி ப்ளோபேக் வகை. அவற்றில் பூட்டு என்று ஒன்று கிடையாது. தோட்டா வெடித்ததும் அதன் பித்தளை உறை போல்ட்டைப் பின்னால் தள்ளுகிறது. அதை நகரவிடாமல் தாமதப்படுத்துவது போல்ட்டும் பஃபரும் சேர்ந்த பாரம் ஒன்றுதான். குண்டு 16 அங்குலக் குழலைத் தாண்ட ஓரிரு மில்லிநொடி ஆகும். அழுத்தம் உச்சத்தில் இருக்கும் அந்த நேரத்தில் உறையின் அடிப்பக்கம் சேம்பருக்குள்ளேயே (குழலின் பின்முனையில் தோட்டா உட்காரும் அறை) இருந்தாக வேண்டும். வெளியே வந்துவிட்டால் மெல்லிய பித்தளைக்குச் சுற்றிலும் பிடிமானம் இல்லை; வீங்கும், சில சமயம் கிழியும். கிழிந்தால் சூடான வாயு மேகசின் பக்கமும் முகத்துப் பக்கமும்தான் வரும். ஆகவே இந்த வகைத் துப்பாக்கியில் எடைதான் பூட்டு. நீங்கள் லேபிளில் அச்சிடும் அந்த எண்ணை நம்பித்தான் நாங்கள் கன்னத்தை ஸ்டாக்கில் வைக்கிறோம்.

இந்த செட்டை நான் அவசரத்தில் வாங்கவில்லை. என் பழைய போல்ட் 16 அவுன்ஸ், பழைய பஃபர் 6 அவுன்ஸ், மொத்தம் 22. அது பத்திரமான கூட்டு, ஆனால் இலக்கின் மேல் வேகம் போதவில்லை. போல்ட் பின்னால் போகும்போது, குறிபார்க்கும் கண்ணாடியில் தெரியும் சிவப்புப் புள்ளி மேலே ஏறும். அதைவிடத் தொல்லை, அது முன்னால் வந்து மோதும்போது புள்ளி கீழே குனிவதுதான். இரண்டாவது குண்டை விரல் விடத் துடிக்கிற அந்த நொடியில் புள்ளி இலக்கின் ஆல்பா பகுதிக்குக் கீழே கிடக்கும். பிசிசி பிரிவில் (பிஸ்டல் தோட்டா சுடும் கார்பைன்களுக்கானது) எல்லோருக்கும் மைனர், அதாவது குறைந்த விசைக்கான மதிப்பெண்தான். இலக்கின் பகுதிகளுக்கு ஆல்பா 5, சார்லி 3, டெல்டா 1. ஒவ்வொரு சார்லியும் இரண்டு மதிப்பெண்ணைத் தின்றுவிடும். அதனால் சிவப்புப் புள்ளியின் அந்தக் குனிவைக் குறைப்பதே என் நோக்கம்.

எடை குறைத்த 12.5 அவுன்ஸ் போட்டி போல்ட் ஒன்றை எடுத்தேன். அதற்கு ஈடுகட்ட 7.5 அவுன்ஸ் பஃபர். மொத்தம் 20. இதற்குக் கீழே இறங்கக் கூடாது என்று எனக்கு நானே கோடு போட்டிருந்தேன். நோட்டில் தேதி போட்டு, தோட்டா வகை, ஸ்பிரிங், புள்ளியின் நடத்தை என்று ஒவ்வொரு பயிற்சியையும் எழுதி வைத்துத்தான் இந்தக் கணக்குக்கு வந்தேன். உங்கள் பஃபரைத் தேர்ந்தெடுத்ததற்கு ஒரே காரணம் லேபிளில் இருந்த எடை. அத்தனை எடையுள்ள பஃபர் வேறு எங்கும் எனக்குக் கிடைக்கவில்லை. வந்ததும் தராசில் வைத்துப் பார்த்திருக்க வேண்டும். வைக்கவில்லை. அச்சிட்ட எண்ணை நம்பினேன்.

முதல் பயிற்சியில் புள்ளி எதிர்பார்த்ததைவிட அமைதியாக இருந்தது. சந்தோஷப்பட்டேன். இப்போது யோசித்தால், அந்த அமைதியே சந்தேகத்தைக் கிளப்பியிருக்க வேண்டும். 20 அவுன்ஸ் ஓடுகிற துப்பாக்கி அவ்வளவு லேசாக அடிக்காது. வெளியே விழுந்த உறைகளின் பக்கவாட்டில் கரி அதிகம் படிந்திருந்தது. தோட்டா கொஞ்சம் அழுக்கு ரகம் போலிருக்கிறது என்று விட்டுவிட்டேன்.

அடுத்த வாரம் போட்டி. நான்காவது ஸ்டேஜில், சுவர் ஓரம் சாய்ந்து மூன்று இலக்குகளைச் சுடும் இடத்தில், ஒரு குண்டின் சத்தம் மாறிக் கேட்டது. கூடவே கன்னத்தில் சுளீரென்று சூடான காற்று. ரேஞ்ச் ஆபீசர் உடனே ‘ஸ்டாப்’ சொன்னார். குண்டு குழலுக்குள் சிக்கியிருக்குமோ என்பது அவருடைய கவலை. மேகசினைக் கழற்றி, சேம்பரைக் காலி செய்து, குழலுக்குள் கம்பி விட்டுப் பார்த்தோம். குழல் சுத்தமாக இருந்தது. விதிப்படி மறுபடி சுடலாம் என்றார். நான் தரையில் கிடந்த உறைகளைப் பொறுக்கிக்கொண்டிருந்தேன். அவற்றில் ஒன்று மட்டும் அடிப்பாகத்துக்குச் சற்று மேலே ஒரு பக்கம் வீங்கியிருந்தது. வீக்கம் சரியாகச் சேம்பரின் ஊட்டுச் சரிவு (தோட்டா சறுக்கி உள்ளே நுழையும் சாய்வு) இருக்கும் பக்கம். அங்கேதான் பித்தளைக்குத் தாங்கல் குறைவு. வீக்கத்தின் ஓரத்தில் நகக்கீறல் அளவுக்கு ஒரு கோடு, அதைச் சுற்றிக் கரி. வாயு வந்த வழி அதுதான். பாதுகாப்புக் கண்ணாடியின் இடது ஓரத்தில் மஞ்சள் பொடிபோல் ஏதோ ஒட்டியிருந்தது. துடைத்துப் பார்த்தேன், பித்தளைத் துகள். துப்பாக்கியைப் பையில் வைத்துவிட்டுப் போட்டியிலிருந்து விலகிக்கொண்டேன்.

வீட்டுக்கு வந்து முதல் வேலையாகப் பஃபரைத் தராசில் வைத்தேன். 139. தராசு தவறோ என்று சோதனை எடைக்கல்லை வைத்துப் பார்த்தேன், தராசு சரி. பஃபரின் ஆணியை (பின்) எடுத்து, அடிப்பக்க ரப்பரை உருவி, உள்ளே இருந்த மூன்று எடைத்துண்டுகளையும் வெளியே எடுத்தேன். ஒவ்வொன்றும் சுமார் 17 கிராம். ஒரு மருந்து ஊசிக் குழலில் தண்ணீர் நிரப்பி, துண்டை உள்ளே போட்டு நீர்மட்டம் ஏறியதை அளந்தேன்: ஏறத்தாழ 2.2 மில்லி. வகுத்தால் ஒரு கன சென்டிமீட்டருக்கு 8 கிராமுக்குக் கொஞ்சம் கீழே. அது எஃகின் அடர்த்தி. டங்ஸ்டன் 19.3. எடைத்துண்டுகளுக்குப் பயன்படுத்தும் டங்ஸ்டன் கலவைகள்கூட 17, 18-க்குப் பக்கத்தில் நிற்கும். அதே அளவுத் துண்டு டங்ஸ்டனாக இருந்திருந்தால் ஒவ்வொன்றும் 40 கிராமைத் தொட்டிருக்கும். மூன்று துண்டுக்கும் கூட்டிப் பாருங்கள். காணாமல்போன அந்த 73 கிராமுக்கும் அங்கேயே கணக்குக் கிடைத்துவிடும்.

ஆக, ஒட்டுமொத்தமாக ஓடிக்கொண்டிருந்தது 20 அவுன்ஸ் அல்ல, 17.4. நான் போட்ட கோட்டுக்கு நன்றாகக் கீழே.

இனி உங்கள் உதவிப் பிரிவின் பதில்களுக்கு வருகிறேன். ‘அதிக அழுத்தமுள்ள கைத்தயாரிப்புத் தோட்டாவாக இருக்கும்’ என்றார்கள். அது தொழிற்சாலைத் தோட்டா, பெட்டி பிரிக்காமல் வாங்கியது, குண்டின் எடை 147 கிரெய்ன். அதே போட்டியில் குரோனோவில் (குண்டின் வேகம் அளக்கும் கருவி) அளந்ததில் சராசரி நொடிக்கு 905 அடி. எடையையும் வேகத்தையும் பெருக்கி ஆயிரத்தால் வகுத்தால், விசையைக் காட்டும் பவர் ஃபேக்டர் 133. குறைந்தபட்சம் 125 வேண்டும் என்ற இடத்தில் 133 என்பது போட்டியில் எல்லோரும் வைத்திருக்கும் சாதாரண அளவு. அதில் அதிக அழுத்தம் என்ற பேச்சுக்கே இடமில்லை. மறுநாள் பழைய போல்ட்டையும் பழைய பஃபரையும் போட்டு, அதே லாட்டில் (தயாரிப்புத் தொகுதி) மீதியிருந்த 60 தோட்டாக்களையும் சுட்டேன். அறுபது உறையையும் விரலால் உருட்டிப் பார்த்தேன். ஒன்றுகூட வீங்கவில்லை, கரியும் வாயருகில் மட்டும்தான்.

‘கடினமான ஸ்பிரிங் போடுங்கள், சரியாகிவிடும்’ என்பது இரண்டாவது பதில். இது என்னை மிகவும் வருத்தியது, ஏனென்றால் இதைச் சொன்னவர் உங்கள் தொழில்நுட்பப் பிரிவைச் சேர்ந்தவர் என்று கையெழுத்திட்டிருந்தார். குண்டு குழலுக்குள் இருக்கும் அந்த ஓரிரு மில்லிநொடியில் ஸ்பிரிங் செய்வது மிகச் சொற்பம். அந்த நேரத்தில் வேலை செய்வது நிறை. போல்ட் பின்னால் போன பிறகு அதன் வேகத்தைத் தணிப்பதும், மறுபடி முன்னால் தள்ளி அடுத்த தோட்டாவை ஏற்றுவதும்தான் ஸ்பிரிங்கின் வேலை. நிறை குறைந்த இடத்தில் ஸ்பிரிங்கைக் கூட்டினால் போல்ட் இன்னும் வேகமாக முன்னால் வந்து மோதும், புள்ளி இன்னும் ஆழமாகக் குனியும். உறை சீக்கிரம் வெளியே வரும் ஆபத்தோ பெரும்பாலும் அப்படியே இருக்கும். புதிதாக வந்த ஒருவர் இந்த ஆலோசனையை நம்பி, பிரச்சினை தீர்ந்தது என்று நினைத்துத் தொடர்ந்து சுட்டால் என்ன ஆகும்?

மூன்றாவது பதில், ‘பஃபரைப் பிரித்துவிட்டதால் உத்தரவாதம் செல்லாது’. பிரிப்பதற்கு முன்பே எடை பார்த்தாகிவிட்டது. தராசின் மேல் பிரிக்காத பஃபர் இருக்கும் படம் முதல் கடிதத்திலேயே உங்களுக்கு வந்திருக்கிறது.

எழுத வந்ததால், உங்கள் பொருள் பக்கத்தில் கண்ட இன்னும் இரண்டு குறைகளையும் சொல்லிவிடுகிறேன். பஃபரின் நீளத்தை எங்கேயும் போடவில்லை. 9 மி.மீ. தோட்டா குட்டை, போல்ட் அவ்வளவு தூரம் பின்னால் போகத் தேவையே இல்லை. குட்டைப் பஃபரை, அது ஓடும் வழக்கமான குழாயில் போட்டால் போல்ட் தேவைக்கு மேல் பின்னால் ஓடி, மேகசின் காலியானதும் அந்த நீண்ட ஓட்டத்தின் வேகத்தோடு திரும்பி வந்து, போல்ட்டைப் பின்னால் பிடித்து நிறுத்தும் போல்ட் கேட்ச்மேல் மோதும். நாளடைவில் கேட்ச் உடையும். எனக்குத் தெரியும் என்பதால் குழாயின் அடியில் இடத்தை அடைக்கும் ஸ்பேசர் போட்டுக்கொண்டேன். ‘எல்லா 9 மி.மீ. கார்பைனுக்கும் பொருந்தும்’ என்று மட்டும் படித்து வாங்குபவர் போடமாட்டார்.

இரண்டாவது, குழலின் முனையில் மாட்டும் காம்பன்சேட்டர்கள். ‘1/2×28 மரை உள்ள எந்தக் குழலுக்கும்’ என்று எழுதியிருக்கிறீர்கள். 5.56 குழல்களிலும் பல 9 மி.மீ. குழல்களிலும் அதே மரைதான். உங்கள் பட்டியலில் 5.56-க்கான சிறிய துளை உள்ளதும் அதே வரியின் கீழ் இருக்கிறது. அதை 9 மி.மீ. குழலில் மாட்டினால் மரை அழகாக ஏறிவிடும். குண்டு மட்டும் வெளியே போகாது. தயவுசெய்து அந்த வரியை இன்றே மாற்றுங்கள். இது என் புகாரைவிட அவசரம்.

நான் கேட்பவை இவை. செட்டின் முழுத் தொகையையும் போட்டியின் நுழைவுக் கட்டணத்தையும் திருப்பித் தர வேண்டும். அதே லாட்டில் விற்ற பஃபர்களை வாங்கிய எல்லோருக்கும், ‘எடை பார்க்காமல் சுடாதீர்கள்’ என்று நேரடியாகத் தகவல் அனுப்ப வேண்டும். இணையப் பக்கத்தின் மூலையில் ஓர் அறிவிப்பு போதாது, அதை யாரும் பார்க்கப் போவதில்லை. இனி வரும் ஒவ்வொரு பஃபரிலும் தராசில் பார்த்த எடையும் மில்லிமீட்டரில் நீளமும் பொறித்திருக்க வேண்டும். எஃகுத் துண்டு எப்படி டங்ஸ்டன் லேபிளின் கீழ் வந்தது என்பதற்கும் எழுத்தில் ஒரு விளக்கம் வேண்டும். உங்களுக்குத் துண்டுகளைச் செய்து தருபவர் ஏமாற்றியிருந்தால் அதையும் சொல்லுங்கள், புரிந்துகொள்வேன். ஆனால் பெட்டியில் இருப்பது உங்கள் பெயர்.

வேறு தோட்டாவோ வேறு ஸ்பிரிங்கோ மாற்றிப் பார்க்கச் சொல்லும் நான்காவது பதில் எனக்கு வேண்டாம். இதைப் படிப்பவர் தராசு ஒன்றை எடுத்து, கிடங்கில் இருக்கும் அதே லாட்டிலிருந்து பத்து பஃபர்களை எடை பார்த்து, அந்தப் பத்து எண்களையும் அப்படியே எழுதி அனுப்பினால் போதும்.

பஃபர், மூன்று எடைத்துண்டுகள், ஸ்பிரிங், வீங்கிய உறை எல்லாவற்றையும் தனித்தனிப் பைகளில் தேதி எழுதி வைத்திருக்கிறேன். பரிசோதனைக்கு வேண்டுமென்றால் பஃபரையும் இரண்டு துண்டுகளையும் அனுப்புகிறேன். ஒரு துண்டும் அந்த உறையும் என்னிடமே இருக்கும். பதினைந்து நாளுக்குள் எழுத்தில் பதில் வராவிட்டால் நுகர்வோர் பாதுகாப்பு அதிகாரிகளிடமும், போட்டி நடத்துபவர்களிடமும் இந்தக் கடிதத்தையும் படங்களையும் கொடுத்துவிடுவேன்.

இப்படிக்கு,
உங்கள் வாடிக்கையாளர்

இணைப்பு: ரசீது, பிரிக்காத பஃபர் தராசின் மேல் இருக்கும் படம், எடைத்துண்டுகளின் படங்கள், வீங்கிய உறையின் படங்கள் நான்கு பக்கமும், குரோனோ சீட்டின் நகல், உங்கள் மூன்று பதில்கள்.