'தீர்க்கப்பட்டது' என்று வரும் குறுஞ்செய்தி

ஆசிரியருக்கு வணக்கம்.

பிராட்பேண்ட் இணைப்பு அடிக்கடி படுத்துவிடுகிறது, கஸ்டமர் கேரில் யாரும் கண்டுகொள்வதில்லை என்று வாசகர்கள் தொடர்ந்து எழுதிவருகிறார்கள். கண்டுகொள்ளத்தான் செய்கிறார்கள். ஆனால் பழுது அப்படியே இருக்க, புகாரை மட்டும் முடித்துவிடுகிறார்கள்.

முதல் நாள் ஒரு புகார் எண் வரும். இரண்டு நாளில் 'தீர்க்கப்பட்டது' என்று குறுஞ்செய்தி வரும். மோடத்தில் சிவப்பு விளக்கு எரிந்தபடியே இருக்கும். மறுபடி அழைத்தால் பழைய எண்ணைத் திறக்காமல் புது எண் தருவார்கள். இப்படி நான்கு எண் வாங்கினால், 10 நாள் செத்துக் கிடந்த இணைப்பு நிறுவனத்தின் கணக்கில் இரண்டரை நாள் பழுதுகள் நான்காக மாறிவிடும். வாடகைத் தள்ளுபடி கேட்கலாமென்றால் அதற்கும் நாள் கணக்குதான் ஆதாரம், அது போயிற்று. அதனால் அழைக்கும்போதே 'பழைய எண்ணின் தொடர்ச்சி' என்று பதியச் சொல்லி, முதல் எண்ணைக் குறித்து வைத்துக்கொள்ள வேண்டும்.

சில நிறுவனங்களில் புகாரை முடிக்க ஓடிபி வேண்டும். லைன்மேன் வாசலில் நின்றே, "சார், ஒரு நம்பர் வந்திருக்கும், சொல்லுங்க, மேலே பாத்துடுவாங்க" என்பார். இணைப்பு வந்ததைக் கண்ணால் பார்க்காமல் அதைச் சொல்லக்கூடாது. அவரையும் குறை சொல்ல முடியாது. குறித்த நேரத்துக்குள் முடித்தாக வேண்டும் என்ற நெருக்கடி அவர் தலையில்தான்.

கண்ணால் பார்ப்பது என்றால் எதை? ஃபைபர் மோடத்தில் 'பான்' (PON) விளக்கு பச்சையாக, சிமிட்டாமல் நிற்க வேண்டும். 'லாஸ்' (LOS) விளக்கு சிவப்பாக எரிந்தால் கேபிள் வழியாக ஒளியே வந்து சேரவில்லை என்று பொருள். அந்த நிலையில் அணைத்து அணைத்துப் போடுவதில் பயனில்லை, கஸ்டமர் கேரில் எத்தனை முறை சொன்னாலும். விளக்கு பச்சையாக இருந்தும் இணைப்பு விட்டுவிட்டு வந்தால், மோடத்தின் அமைப்புப் பக்கத்தில் 'ஆர்எக்ஸ் பவர்', அதாவது வந்து சேரும் ஒளியின் அளவு, எவ்வளவு என்று லைன்மேனிடமே கேளுங்கள். மைனஸ் 15 முதல் மைனஸ் 25 டிபிஎம் (ஒளியளவின் அலகு) வரை இருந்தால் நிம்மதி. மைனஸ் 27-ஐத் தாண்டி 28, 29 என்று இறங்கினால் இன்று வரும், நாளை போகும். காரணம் பெரும்பாலும் அற்பமானது: ஜன்னல் கதவிடுக்கில் மடங்கிய ஒயர், ஆணிக் கிளிப் இறுக்கி நசுங்கிய இடம், பச்சைக் கனெக்டரின் முனையில் படிந்த தூசி, ஸ்ப்ளைஸ் செய்யாமல் (இழைகளை உருக்கி ஒட்டாமல்) கையால் பொருத்திய கனெக்டர். அளவைப் போட்டோ எடுத்துக்கொண்டால் பிறகு பேச ஆதாரம் இருக்கும்.

வேகப் புகாரில் நம் பக்கமும் பிழை உண்டு. இரண்டு சுவர் தள்ளி வைஃபையில் அளந்த வேகத்தை ஆதாரமாகக் காட்டினால் ஒரே வார்த்தையில் தள்ளிவிடுவார்கள். லேப்டாப்பை லேன் ஒயரில் மாட்டி அளக்க வேண்டும். 200 எம்பிபிஎஸ் பிளானில் அளவு 94, 95-லேயே நிற்கிறதென்றால், ஒயரோ போர்ட்டோ 100-க்கு மேல் தாங்கவில்லை. முதலில் ஒயரை மாற்றிப் பாருங்கள்.

இத்தனைக்குப் பிறகும் தீராவிட்டால் பலர் தொலைத்தொடர்பு ஒழுங்குமுறை ஆணையமான டிராய்க்கு எழுதுகிறார்கள். தனிநபர் புகாரை டிராய் விசாரிப்பதில்லை. ஆனால் அதன் 2012 ஒழுங்குமுறை விதிகளின்படி நிறுவனத்துக்குள்ளேயே மேல்முறையீட்டு ஆணையம் இருக்க வேண்டும். புகார் முடிக்கப்பட்ட நாளிலிருந்தோ, தீர்க்க வேண்டிய கெடு முடிந்த நாளிலிருந்தோ 30 நாளுக்குள், புகார் எண்ணைக் குறிப்பிட்டு மின்னஞ்சல் அனுப்பினாலே போதும். கட்டணம் கிடையாது. அதை 39 நாளுக்குள் தீர்க்க வேண்டும். மேல்முறையீடுகளைப் பார்க்கும் ஆலோசனைக் குழுவில் டிராயில் பதிவுபெற்ற நுகர்வோர் அமைப்பின் உறுப்பினர் ஒருவரும் இருப்பார். கஸ்டமர் கேர் ஊழியர்கள் மேல்முறையீடு என்ற பெயரையே எடுப்பதில்லை. "சூப்பர்வைசர்கிட்ட சொல்றேன்" என்பதோடு நிறுத்திக்கொள்வார்கள்.

அதற்கும் மேலே நுகர்வோர் ஆணையம். தொலைபேசித் தகராறுக்கு அங்கே இடமில்லை என்று 2009-ல் வந்த உச்ச நீதிமன்றத் தீர்ப்பைக் காட்டி முன்பு விரட்டினார்கள். 2022 பிப்ரவரியில் உச்ச நீதிமன்றமே அந்தக் கதவைத் திறந்துவிட்டது. நாம் குடியிருக்கும் மாவட்டத்திலேயே வழக்குப் போடலாம். செலுத்திய தொகை 5 லட்சம் ரூபாய் வரை இருந்தால் கட்டணமும் இல்லை. மாதம் 600 ரூபாய் பில்லுக்கு யார் அலைவார்கள் என்ற தெம்பில்தான் நிறுவனங்கள் இருக்கின்றன.

மாத பில்லில் அந்த மாதப் புகார் எண்களையும், மேல்முறையீட்டு ஆணையத்தின் மின்னஞ்சலையும் அச்சிட்டாக வேண்டும் என்று டிராய் உத்தரவிட வேண்டும். அதுவரை, தமிழ்நாட்டில் இயங்கும் நிறுவனங்களின் மேல்முறையீட்டு முகவரிகளை உங்கள் இதழே ஒரு பெட்டிச் செய்தியாகப் போடலாம்.

இப்படிக்கு,
வாசகர், திருச்சி