லாண்ட்ஸ்பரோ நெடுஞ்சாலை ஊர்களுக்கு எங்கள் நன்றி

மோர்வனில் தொடங்கி ஆகத்தெல்லா, டாம்போ, பிளாக்கால், பார்கால்டின், லாங்ரீச், வின்டன், மெக்கின்லி என்று குளோன்கரி வரை நீளும் குயின்ஸ்லாந்து நெடுஞ்சாலையின் இருபுறமும் வாழும் பெருமக்களுக்கு வணக்கம்.

எங்களைப் போல மோட்டார்ஹோமில், அதாவது படுக்கையும் சமையலறையும் கழிப்பறையும் உள்ள வண்டியில் வரும் கணவன் மனைவி ஒவ்வோர் ஊரிலும் தங்குவது ஓரிரவு, மிஞ்சிப்போனால் இரண்டு. தண்ணீர் பிடிப்போம், கழிவைக் கொட்டுவோம், டீசல் போட்டுக்கொண்டு கிளம்பிவிடுவோம். அடுத்த ஊருக்கு 100 கிலோமீட்டர், சில இடங்களில் 150-க்கும் மேல். நடுவில் கடை கிடையாது, பெரும்பாலும் கைப்பேசிக்கு சிக்னலும் கிடையாது. நீங்கள் செய்து வைத்திருப்பவை இல்லாவிட்டால் இந்தப் பயணம் நாலு நாள் தாங்காது. நன்றி என்று ஒரே வார்த்தையில் முடிக்க மனம் வரவில்லை. யாருக்கு, எதற்காக என்று விவரமாகவே எழுதுகிறோம். உங்கள் உழைப்பைப் பாழாக்காமல் பயன்படுத்துவது எப்படி என்று பின்னால் வருகிறவர்களுக்கும் தெரியட்டும்.

முதல் வணக்கம் டம்ப் பாயிண்டை, அதாவது வண்டிக் கழிப்பறையின் கழிவைக் கொட்டும் இடத்தை, கழுவி வைப்பவர்களுக்கு. ஊர் ஓரத்தில் ஒரு சிமென்ட் தளம், நடுவில் மூடி போட்ட குழி, பக்கத்தில் ஒரு குழாய். அவ்வளவுதான் அது. அதை அடைக்க நாலைந்து ஈரத் துடைப்புத்தாள் போதும். கழிப்பறையில் போடலாம் என்று பாக்கெட்டில் அச்சடித்திருந்தாலும் அவை கரைவதில்லை. குழாயின் வளைவில் சிக்கிக் கயிறாகத் திரிந்துவிடும். அப்புறம் யாரோ ஒருவர் கையுறை மாட்டிக்கொண்டு கம்பி விட்டு இழுக்க வேண்டும். ரசாயனம் அதைவிடக் கெடுதல். சின்ன ஊர்களின் கழிவு போய்ச் சேருவது செப்டிக் தொட்டிக்கோ திறந்த குட்டைகளுக்கோதான். அங்கே வேலை செய்வது பாக்டீரியா. ஃபார்மால்டிஹைடு கலந்த கழிப்பறைத் திரவம் அதைக் கொன்றுவிடும். செப்டிக்குக் கேடில்லை என்று எழுதியிருக்கும் திரவத்தை மட்டும் வாங்குவதே நாங்கள் உங்களுக்குச் செய்யக்கூடிய மரியாதை.

கொட்டும் முறையும் இருக்கிறது. கேசட்டின், அதாவது கழிப்பறைக்கு அடியிலிருந்து கழற்றி எடுக்கும் கழிவுத் தொட்டியின், வாய்க்குழலை முதலில் திருப்பிவிட்டு, குழிக்கு நேராகச் சாய்த்த பிறகுதான் காற்றுப் பொத்தானை அழுத்த வேண்டும். நிமிர்ந்திருக்கும்போதே அழுத்தினால் வெயிலில் உள்ளே சேர்ந்த அழுத்தம் முகத்தில் தெளிக்கும். அழுத்தாமலே சாய்த்தால் குபுக் குபுக்கென்று சுற்றிலும் சிதறும். காலியானதும் மூன்று நான்கு லிட்டர் நீர் விட்டுக் குலுக்கிக் கொட்டுவது, இரண்டு தடவை. கடைசியில் தளத்தையும் கழுவி மூடியைப் போட வேண்டும். அந்தக் குழாயில் குடிநீர்க் குழலை மாட்டவே கூடாது. கேசட் கழுவிய எத்தனையோ கைகள் அதைத் தொட்டிருக்கும்.

தண்ணீர் தந்தவர்களே, உங்களுக்கு அடுத்தது. இந்த ஊர்களில் பலவற்றின் தண்ணீர் கிரேட் ஆர்ட்டீசியன் படுகையிலிருந்து வருகிறது. ஆஸ்திரேலியக் கண்டத்தின் ஐந்தில் ஒரு பங்குக்கு மேல், சுமார் 17 லட்சம் சதுர கிலோமீட்டர் பரப்பில் பூமிக்கடியில் கிடக்கும் ஊற்று அது. வின்டனில் அது 80 டிகிரிக்கும் மேலான சூட்டில் மேலே வருகிறது. ஆறவைத்துத்தான் வீடுகளுக்கு அனுப்புகிறார்கள். அழுகிய முட்டை வாடை அடித்தால் தண்ணீர் கெட்டுவிட்டது என்று பொருளில்லை, அது ஹைட்ரஜன் சல்ஃபைடு வாயு. வாய் அகன்ற பாத்திரத்தில் ஓரிரவு திறந்து வைத்தால் பெரும்பாலும் போய்விடும். இதைச் சொல்லிக் கொடுத்ததே ஊர்க்காரர்கள்தான். வண்டித் தொட்டிக்குள் ஏற்றும்போது 5 மைக்ரான் வடிகட்டியும் அதன் பின்னால் கரி வடிகட்டியும் வைத்தால் மண்ணும் வாடையும் குறையும். ஒவ்வொரு குழாயிலும் குடிநீர் வருவதில்லை; பலகையைப் பார்க்க வேண்டும், பலகை இல்லையென்றால் கேட்க வேண்டும். வறட்சியில் கிடக்கும் ஊர் தரும் தண்ணீரில் வண்டி கழுவுவதை எங்களால் பார்த்துக்கொண்டிருக்க முடிவதில்லை.

டயர்க் கடைக்காரர்களைப் பற்றி எவ்வளவு எழுதினாலும் தகும். காற்றடிக்கும் முன் உங்களில் ஒருவராவது அழுத்தமானியைக் கையில் எடுத்துப் பார்த்ததில்லை. முதலில் டயர் மேல் உள்ளங்கையை வைத்துப் பார்ப்பீர்கள். நாலு டயரில் ஒன்று மட்டும் கூடுதலாகச் சுட்டால் அங்கே காற்றுக் குறைவு, இல்லை பிரேக் பிடித்துக்கொண்டிருக்கிறது. இந்த வகை வண்டிக்கு நீங்கள் சொன்ன கணக்கு எளிது: காலையில் குளிர்ந்த டயரில் அளக்க வேண்டும். ஒரு மணி நேரம் ஓட்டியபின் சுமார் 6 பிஎஸ்ஐ ஏறியிருந்தால் சரி. அதற்கு மேல் ஏறினால் காலையில் வைத்த காற்றுப் போதவில்லை, பக்கச் சுவர் அதிகமாக வளைந்து சூடேறுகிறது. சூடான டயரிலிருந்து காற்றை இறக்குவதுதான் புதியவர்கள் செய்யும் பெரிய தவறு. இறக்க இறக்க இன்னும் சூடேறும், கடைசியில் ஓட்டத்திலேயே வெடிக்கும்.

பின்னால் இரட்டைச் சக்கரம் இருந்தால் இரண்டுக்கும் நடுவே கல் சிக்கியிருக்கிறதா என்று டார்ச் அடித்துப் பார்க்கச் சொன்னீர்கள். சரளைச் சாலையில் ஏறிய ஒரு கல் இரண்டு டயரின் சுவரையும் அறுத்துவிடும். டயர் போவதற்குப் பாதிக் காரணம் சாலையே இல்லை, பின் அச்சில் ஏற்றும் பாரம் என்பதும் உங்கள் வாயால் கேட்டதுதான். 120 லிட்டர் தண்ணீர் என்றால் 120 கிலோ. தொட்டியும் பொருளறையும் பின் அச்சுக்குப் பின்னால் இருந்தால் முன் அச்சு இலேசாகி, பின் அச்சு அதைவிடக் கூடுதலாகவே சுமக்கும். கிளம்பும் முன் எடைமேடையில் ஒவ்வோர் அச்சாக நிறுத்திப் பார்ப்பது நல்லது. மாற்று டயரே இல்லாமல் விற்கப்படும் மோட்டார்ஹோம்களும் உண்டு. வேன் அளவு டயர் சின்ன ஊர்க் கடையில் இருக்காது. கடற்கரை நகரத்திலிருந்து வந்து சேர நாள்கணக்கில் ஆகும். அப்படிக் காத்துக் கிடப்பவர்களுக்கு நிழலில் இடம் காட்டி, தேநீரும் தருகிறீர்களே, அதை மறக்க மாட்டோம்.

பல டிரெய்லர்களைக் கோத்து இழுக்கும் ரோடு டிரெயின் லாரி ஓட்டுநர்களே, 53.5 மீட்டர் நீளத்தை இழுத்துக்கொண்டு எங்கள் பின்னால் பொறுமையாக வந்ததற்கு நன்றி. எங்களைப் போன்றவர்கள் யூஎச்எஃப் ரேடியோவை 40-ஆம் சேனலில் வைத்துக்கொண்டு, "வழி விடுகிறேன், வாருங்கள்" என்று ஒரு வார்த்தை சொன்னால் போதும். இடப்பக்கத்தில் நேராக, ஒரே வேகத்தில் போக வேண்டும். லாரி ஓட்டுநர் முந்துவதற்காக வலப்பக்கம் ஏறிய பிறகுதான் ஆக்சிலரேட்டரிலிருந்து காலை எடுக்க வேண்டும். அதற்கு முன்பே பிரேக் அடித்தால் அத்தனை டன்னையும் அவர் நிறுத்தியாக வேண்டும். கடைசி டிரெய்லர் தாண்டியதும் விளக்கைச் சிமிட்டினால் திரும்பி உள்ளே வரலாம் என்று அவருக்குத் தெரியும். மாலை சாயும் முன் நாங்கள் ஒதுங்கிவிடுவதும் உங்கள் புத்திமதிதான். கங்காரு சாலைக்கு வரும் நேரம் அது.

மண் சாலையைச் சமன் செய்யும் கிரேடர் இயந்திரம் ஓட்டுபவர்களுக்கு ஒரு வாக்குறுதி. மழைக்குப் பின் சாலை மூடல் பலகை வைத்திருந்தால் அந்தக் கரிசல் மண்ணில் இறங்க மாட்டோம். ஈரத்தில் ஒரு வண்டி போட்ட தடம் காய்ந்ததும் கல்லாக இறுகிவிடும். அதைச் சமன் செய்ய நீங்கள் திரும்பவும் அவ்வளவு தூரம் வர வேண்டும்.

முகாமில் பக்கத்து வண்டிக்காரர்கள் தந்த பாடங்களும் நிறைய. எந்தக் குழாயும் திறக்காதபோது இரவில் தண்ணீர் பம்ப் ஒரு நொடி ஓடி நின்றால் எங்கோ கசிகிறது, அல்லது பம்புக்குள் இருக்கும் தடுப்பு வால்வு சரியாக மூடவில்லை. கேஸில் ஓடும் ஃப்ரிட்ஜ் குளிரவில்லை என்றால் முதலில் வண்டி சமமாக நிற்கிறதா என்று பார்க்க வேண்டும். சாய்வில் நின்றால் அமோனியா திரவம் தானாகக் கீழே ஓடாது. புழுதிச் சாலையில் ஃப்ரிட்ஜின் வெளித்துவாரத்தை டேப் ஒட்டி மூடுகிறவர்கள், கேஸைப் பற்றவைக்கும் முன் அதைக் கிழித்தெடுக்க மறக்கவே கூடாது.

விமானத்தில் வந்து சிகிச்சை தரும் பறக்கும் மருத்துவர் சேவைக்குத் தலைவணங்குகிறோம். அதைத் தொடங்கிய பாதிரியார் ஜான் ஃபிளின் கண்ட கனவு 1928 மே 17 அன்று முதன்முதலாகப் பறந்தது குளோன்கரியிலிருந்துதான். கூப்பிட நேர்ந்தால் இடத்தைச் சொல்லத் தெரிந்திருக்க வேண்டும். சாலையோரச் சிறு பலகையில் ஊரின் முதல் எழுத்தும் கிலோமீட்டரும் இருக்கும். கடைசியாகக் கடந்த பலகையைக் குறித்துக்கொள்வது எங்களுக்கு வழக்கமாகிவிட்டது.

தபால் நிலையத்தாரே, உதிரிபாகப் பொட்டலங்களை எங்கள் பெயருக்கு வைத்திருந்து கொடுத்தீர்கள், நன்றி. சலவையகம், நூலகம், பேக்கரி, நன்கொடைப் பெட்டியை நம்பிக்கையோடு வேலியில் கட்டி வைத்த முகாம்கள், எல்லோருக்கும் நன்றி.

கடைசியாக, தகவல் மையங்களில் சம்பளமில்லாமல் உட்காரும் பெரியவர்களுக்கு. அச்சிட்ட வரைபடத்தை ஒதுக்கிவிட்டு, ஒரு வெள்ளைத் தாளில் பென்சிலால் நீங்கள் வரைந்து தருவதில் எல்லாம் இருக்கும்: எந்த வேலிக்கதவைத் திறந்தபடியே விட வேண்டும், எது மூடியிருந்ததோ அதை மூடியே விட வேண்டும், எந்த ஓடையில் மணல் இளகியிருக்கிறது, எந்த மரத்தடியில் வண்டி திரும்பும். அந்தத் தாள்கள் எங்கள் டாஷ்போர்டில் பத்திரமாக இருக்கின்றன. மழைக்காலம் முடிந்து வருவோம். ஓடை இடம் மாறியிருந்தால் அதே தாளிலேயே திருத்திக் கொடுங்கள்.

அன்புடனும் நன்றியுடனும்,
உங்கள் சாலையில் வந்துபோகும் தம்பதி