பாசி எடுப்பவளும் கதைக்குள் வரட்டும்

மதிப்பிற்குரிய ஆசிரியர் அவர்களுக்கு, வணக்கம்.

தங்கள் ஞாயிறு இணைப்பின் சிறுகதைகளில், மணவாழ்வுக்குள் தன்னைக் கண்டடையும் பெண் பெரும்பாலும் நகரத்து அலுவலகம் ஒன்றிலேயே விழித்துக்கொள்கிறாள். பாம்பன் சின்னப்பாலத்தில், விரல்களில் துணி சுற்றி, மூச்சடக்கிக் கடலுக்குள் மூழ்கி மரிக்கொழுந்துப் பாசி பறிப்பவளும் ஒருவருக்கு மனைவிதான். மன்னார் வளைகுடாவின் 21 தீவுகள் 1986இல் தேசியப் பூங்காவாக அறிவிக்கப்பட்டு, அங்கே பாசி எடுக்கத் தடை வந்த பின், தான் இறங்கும் கடலுக்காகவே வாதாடக் கற்றுக்கொண்ட அவளை, ஊர் இன்றும் ‘இன்னார் பெண்சாதி’ என்றே அடையாளம் சொல்கிறது. பாசி விற்ற பணத்தைப் போட்டுவைக்க என் அம்மா தன் பெயரில் கணக்குத் தொடங்கிய அன்று, வங்கிப் புத்தகத்திலிருந்த அந்தப் பெயரை அப்பா வாய்விட்டுப் படித்தார். அதற்கு முன் அவர் அதைச் சொல்லி நான் கேட்டதேயில்லை. அம்மா அடுப்படியிலேயே நின்றிருந்தார், எங்கும் கிளம்பிப் போய்விடவில்லை. வீட்டைவிட்டு வெளியேறுவதை மட்டுமே விடுதலையாகக் காட்டாமல், இத்தகைய கணங்களை எழுதும் கதைகளுக்கும் இடமளிக்குமாறு பணிவுடன் கேட்டுக்கொள்கிறேன்.

இப்படிக்கு,
ஒரு வாசகி,
பாம்பன், இராமநாதபுரம் மாவட்டம்.