கறுப்பைக் கறுப்பாகவே விடு

தக்கலை,
ஆனி 12

அன்பு மக்களே,

நீ ருவாண்டாவிலிருந்து அனுப்பிய 42 படங்களும் வந்து சேர்ந்தன. கைப்பேசியின் சின்னத் திரையில் பார்த்து எனக்குத் திருப்தி வரவில்லை. உன் தம்பியை நாகர்கோவிலுக்கு அனுப்பி எல்லாவற்றையும் பிரிண்ட் போட்டு வாங்கிவரச் செய்தேன். இரண்டு நாளாக மழை விடவில்லை. வேளிமலை இருக்கிற திசையே தெரியவில்லை. ஜன்னலோரம் பாயை விரித்து, படங்களைப் பரப்பி வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தேன்.

முதலில் பிடித்ததைச் சொல்கிறேன். சபினியோ மலையை விடியற்காலையில் எடுத்தாயே, அந்தப் படம். உச்சி முழுவதும் பல்லும் பொக்கையுமாக இருக்கிறது. கிழவரின் பற்கள் என்பதுதான் அந்தப் பெயருக்கே பொருள் என்று எழுதியிருந்தாய். ஆரல்வாய்மொழிப் பக்கம் போகும்போதெல்லாம் அப்பா தாடகை மலையைக் காட்டி, "தலை எது, கால் எது, சொல்லு பார்ப்போம்" என்று உன்னிடம் கேட்பாரே, அது நினைவுக்கு வந்தது. சபினியோ நெருப்பைக் கக்கி எழுந்த மலை. நம்முடையது எரிமலையே அல்ல. பூமியின் ஆழத்தில் வெந்து, பிறகு மேலே வந்து, காலங்காலமாக மழையில் தேய்ந்த பாறை. ஆனாலும் அடிவாரத்தில் குடியிருந்தவர்கள் இரண்டு இடத்திலும் மலையில் ஓர் ஆளைக் கண்டுவிட்டார்கள்.

அந்தப் படத்தின் கீழ்ப்பாதியில் உருளைக்கிழங்கு வயலையும், எரிமலைக் கல்லை அடுக்கிக் கட்டிய எல்லைச் சுவரையும் விட்டுவைத்திருக்கிறாய். வெட்டிவிட்டு மலையையும் மூடுபனியையும் மட்டும் வைத்திருந்தால் காலண்டருக்கு நன்றாக இருந்திருக்கும். 1960களின் கடைசியில் பூச்சிமருந்துக்கான பைரித்ரம் பூவைப் பயிரிட அந்தக் காட்டில் பெரியதொரு பகுதியை அழித்தார்கள் என்று படித்தேன். காட்டெருமை வயலில் இறங்காமலிருக்க அந்தச் சுவர் நிற்கிறது. கீரிப்பாறையில் ரப்பர் மரங்கள் முடிகிற இடத்தில் காடு தொடங்குவதைப் பார்த்து வளர்ந்தவள் நீ. அந்தக் கண் இன்னும் உன்னிடம் இருக்கிறது.

கொரில்லாப் படங்கள் எனக்குப் பிடிக்கவில்லை, மக்களே.

எட்டுப் பேர் கொண்ட குழு, ஒரே ஒரு மணி நேரம், பத்து மீட்டருக்கு அப்பால் நிற்க வேண்டும், முகக்கவசம், பிளாஷ் கூடாது. காஞ்சொறி கடித்த கையோடு, மூங்கில் காட்டுச் சரிவில் நின்று எடுத்திருக்கிறாய். இவ்வளவு சிரமமும் எனக்குத் தெரியும். ஆனால் அந்த வெள்ளிமுதுகுக் கிழவரைப் பார். முதுகு ஒன்றுதான் வெள்ளி. கையும் தலையும் அட்டைக்கரி. உன் படத்தில் உடம்பு முழுவதும் அடுப்புச் சாம்பலாக இருக்கிறது. பின்னால் இருக்கிற இலைகள் வெளிறிப் போயிருக்கின்றன.

தவறு உன்னுடையது அல்ல, கேமராவினுடையது. எதைக் காட்டினாலும் அதை நடுத்தரச் சாம்பல் நிறமாக்கப் பார்ப்பது அதற்குள் வெளிச்சத்தை அளக்கிற மீட்டரின் குணம். கட்டம் நிறையக் கறுப்பு ரோமம் இருந்தால், வெளிச்சம் போதவில்லை என்று நினைத்து அதுவாகக் கூட்டிக்கொள்ளும். நீ எக்ஸ்போஷரை, அதாவது கேமரா வாங்கும் வெளிச்சத்தை, முக்கால் ஸ்டாப்பிலிருந்து ஒரு ஸ்டாப் வரை குறைத்துவை; ஒரு ஸ்டாப் குறைத்தால் வெளிச்சம் பாதியாகும். அதற்குமேல் போகாதே, போனால் புருவ மேட்டுக்குக் கீழே இருக்கிற கண்கள் அடைந்துவிடும். நல்ல கறுப்புக்குள்ளே விவரம் இருக்கும். மணவாளக்குறிச்சி மணலை அள்ளிக் கையில் வைத்துப் பார்த்திருக்கிறாயே, தூரத்திலிருந்து வெறும் கறுப்பு, கிட்டத்தில் ஒவ்வொரு பருக்கையும் மினுங்கும். அந்தக் கறுப்புதான் வேண்டும். மேகம் மூடிய நாள் உனக்கு நல்ல நாள். கொரில்லா முகத்தை வானத்துப் பக்கம் தூக்குகிறவரை காத்திரு. கண்ணில் ஒரு புள்ளி வெளிச்சம் விழும், அப்போது அழுத்து.

மூக்கைத் தெளிவாக எடு. அங்கே ஆராய்ச்சி செய்கிறவர்கள் மூக்கின் மேலிருக்கும் சுருக்கங்களை வரைந்து வைத்துத்தான் ஒவ்வொரு கொரில்லாவையும் அடையாளம் காண்கிறார்கள். கொரில்லா ஆராய்ச்சியாளர் டயான் ஃபாஸி 1967இல் கரிசிம்பி, பிசோகே மலைகளுக்கு நடுவில் கூடாரம் போட்ட காலத்திலிருந்து வருகிற வழக்கம் அது. 1980களில், இந்த மலைகளெல்லாம் அடங்கிய விருங்கா மலைத்தொடரில் மலைக் கொரில்லாக்கள் 250 அளவுக்குத்தான் மிஞ்சியிருந்தன. இன்று உகாண்டாவின் பிவிண்டிக் காட்டையும் சேர்த்தால் 1,000ஐத் தாண்டிவிட்டன. ஒவ்வொன்றையும் முகம் தெரிந்து, பெயர் வைத்து, தினமும் தேடிப்போய்ப் பார்த்த மனிதர்கள் இருந்ததும் அதற்கு ஒரு காரணம். சுருக்கம் ஒன்றுகூட அழியாமல் இருக்கிற முகம் எவ்வளவு பெரிய காரியம் என்று அதைப் படித்தபோது எனக்கு நெஞ்சு அடைத்தது.

ஏனென்றால் 26 வருடம் நான் செய்த வேலை அதற்கு நேர் எதிரானது. நம் ஸ்டூடியோவில் அப்பா படம் எடுப்பார், கழுவுவதும் பிரிண்ட் போடுவதும் டச்சிங் செய்வதும் நான். நெகட்டிவில் கூர்ப் பென்சிலால் தொட்ட இடம் பிரிண்டில் வெளுக்கும். சிவப்புச் சாயம் தடவினால் முகம் முழுவதும் வெளுக்கும். கல்யாணப் பெண்ணின் அம்மா ஆல்பத்தைப் புரட்டிவிட்டு, "கொஞ்சம் நிறமாக்கித் தாருங்கள்" என்பார். செய்து கொடுத்தேன். கருங்கல் வேலைக்குப் போன ஒருவர், வெயிலில் எரிந்த முகம், நெற்றியில் அழகான மூன்று கோடுகள். அவர் இறந்தபின் மாலை போட்டு மாட்ட வீட்டார் படம் கேட்டார்கள். அந்தக் கோடுகளையும் எடுத்துவிட்டுத்தான் கொடுத்தேன். கை நேர்த்தியாக வேலை செய்ததில் எனக்குப் பெருமைகூட இருந்தது.

உனக்கும் செய்தேன். ஐந்தாம் வகுப்பில் ஸ்காலர்ஷிப் விண்ணப்பத்துக்காக எடுத்த பாஸ்போர்ட் படம். நீ வந்து மேசையில் எட்டிப் பார்த்து, "இது யாரம்மா?" என்று கேட்டாய். நான் சிரித்தேன். நீ சிரிக்கவில்லை. அதன்பின் நம் ஸ்டூடியோவில் உட்கார்ந்து நீ படமே எடுத்துக்கொள்ளவில்லை. அப்பா கூப்பிட்டபோதெல்லாம் ஏதோ சாக்குச் சொல்லிப் போய்விட்டாய். காரணம் எனக்குத் தெரியும். இத்தனை வருடம் தெரியாததுபோல் இருந்துவிட்டேன். தவறு செய்தேன், மக்களே.

சாம்பலாகிப்போன அந்த வெள்ளிமுதுகைப் பார்த்த அன்று இரவு பழைய நெகட்டிவ் பெட்டியைத் திறந்தேன். ஈரத்தில் பல ஒட்டிக்கொண்டுவிட்டன. உன்னுடையது தப்பியிருந்தது. சாயம் தண்ணீரில் போய்விடும். கிண்ணத்தில் ஊறவைத்து, மூன்று முறை தண்ணீர் மாற்றி, நிழலில் உலர்த்தி, உன் தம்பியிடம் கொடுத்து ஸ்கேன் செய்து பிரிண்ட் போட்டுவரச் சொன்னேன். எதையும் வெளுக்க வேண்டாம் என்று ஒரு காகிதத்தில் எழுதியும் கொடுத்தனுப்பினேன்.

மழைக்கோட்டை மறக்காதே. ஜலதோஷம் இருந்தால் மலை ஏறாதே. நம்மிடமிருந்து அவற்றுக்குத் தொற்றிவிடும். ஏறுவதற்கு முதல்நாள் எனக்குப் போன் செய்.

உன் படத்தை இந்தக் கடிதத்தோடு வைத்திருக்கிறேன். மடங்காமலிருக்க இரண்டு பக்கமும் அட்டை கொடுத்து ஒட்டியிருக்கிறேன்; கத்தரியை ஆழமாக விடாமல் ஓரமாக வெட்டிப் பிரி.

அன்புடன்,
அம்மா