சோபா கடைசியில் வரட்டும்

அன்பு மகனுக்கு,

புது வீட்டுக்கு வாங்க வேண்டிய சாமான்கள் என்று நீயும் மருமகளும் சேர்ந்து போட்ட பட்டியலைப் பார்த்தேன். முதல் வரியிலேயே சோபா உட்கார்ந்திருக்கிறது. அதை அடித்துவிட்டுக் கடைசி வரியில் எழுது. படுக்க நல்ல மெத்தை, சாப்பிடவும் எழுதவும் ஒரு மேசை, இரண்டு நாற்காலி, ஜன்னல்களுக்குத் திரை, போதிய விளக்கு. இவ்வளவோடு குடிபோங்கள். மற்றதெல்லாம் ஒரு மாதம் பொறுக்கட்டும். வீடு வெறிச்சென்று இருக்குமே என்று மருமகள் தயங்குவாள். வருகிறவர்கள் ஒரு மணி நேரம் இருந்துவிட்டுப் போய்விடுவார்கள், அங்கே இருக்கப்போவது நீங்கள்தான் என்று சொல்.

அந்த ஒரு மாதத்தில் நீங்கள் எதையும் அடுக்க வேண்டாம். எது எங்கே குவிகிறது என்று மட்டும் பாருங்கள். உள்ளே நுழைந்ததும் சாவியை எங்கே வைக்கிறாய், பையை எங்கே போடுகிறாய், கைபேசிக்கு மின்சாரம் ஏற்ற எந்தச் சுவரைத் தேடிப் போகிறாய், இதெல்லாம் தானாகத் தெரிந்துவிடும். பை தரையில் கிடக்கும் அதே இடத்தில் ஒரு கொக்கி அடி. நாலடி தள்ளி அழகான தாங்கி ஒன்றை வைத்தால் அது காலியாகவே நிற்கும், பை தரையிலேயே கிடக்கும். ஒருமுறை உடுத்திய சட்டை இருக்கிறதே, அதற்கும் ஓர் இடம் வேண்டும். துவைக்கப் போடும் அளவுக்கு அழுக்கில்லை, துவைத்ததோடு சேர்த்து மடித்து வைக்கவும் மனம் வராது. எந்த அலமாரிக்காரரும் இதை நினைத்துப் பார்ப்பதில்லை. அதனால்தான் எல்லா வீட்டிலும் ஒரு நாற்காலி துணி சுமக்கிறது. கதவுக்குப் பின்னால் ஒரு வரிசைக் கொக்கி போதும், நாற்காலி மறுபடியும் நாற்காலியாகிவிடும்.

எதை வாங்குவதாக இருந்தாலும் முதலில் அதன் நீள அகலத்துக்குப் பழைய செய்தித்தாளைத் தரையில் விரித்து ஒட்டு. இரண்டு நாள் அதைச் சுற்றி நடந்து பார். பொருளின் அளவை மட்டும் எடுத்தால் போதாது. அலமாரிக் கதவு திறக்கும் வீச்சு, இழுப்பறை வெளியே நீளும் தூரம், நாற்காலியைப் பின்னால் தள்ளி எழ வேண்டிய இடம் எல்லாம் சேர்த்துத்தான் கணக்கு. ஓர் ஆள் தாராளமாக நடக்க 75 முதல் 90 செ.மீ. வழி வேண்டும். கட்டிலுக்கும் அலமாரிக்கும் நடுவே அதுகூட இல்லையென்றால், இழுத்துத் திறக்கும் கதவை விட்டுவிட்டு நகரும் கதவு வாங்கு. வாசல், மாடிப்படித் திருப்பம், லிஃப்ட் ஆகியவற்றின் அளவையும் குறித்துக்கொள். வீட்டுக்குள் அடங்கும் பொருள் எல்லாம் வீட்டுக்குள் நுழைந்துவிடாது.

மேசையையும் நாற்காலியையும் தனித்தனியே வாங்கப் போவதாகச் சொன்னாய். தாராளமாக வாங்கு. மேசை ஏறக்குறைய 75 செ.மீ., நாற்காலியின் இருக்கை 45 செ.மீ. என்பது பொதுவான உயரம். இடையில் 30 செ.மீ. அளவுக்கு இருந்தால் தோளைத் தூக்காமல் உட்காரலாம். மேசைக்கு அடியில் சட்டமோ இழுப்பறையோ இருந்தால் தொடை இடிக்கிறதா என்று உட்கார்ந்து பார்த்தே வாங்கு.

சமையலறை விஷயத்தில் கொஞ்சம் நின்று யோசியுங்கள். மேடையின் உயரத்தைத் தச்சரிடம் விட்டுவிடாதே. முழங்கையை மடக்கி நின்றால் அதற்கு 10 முதல் 15 செ.மீ. கீழே மேடை இருக்க வேண்டும். நீ அவளைவிட ஒரு சாண் உயரம், ஆகவே அதிக நேரம் சமைக்கப்போவது யார் என்று முதலில் பேசி முடிவெடுங்கள். இருவரும் என்றால் குள்ளமானவருக்கு ஏற்ப மேடை. உயரமானவர் கனத்த வெட்டுப்பலகையைப் போட்டுக்கொள்ளட்டும். இடம் சின்னது என்று மருமகள் குறைப்படுகிறாளாம். 1926இல் ஃபிராங்க்ஃபர்ட் நகரக் குடியிருப்புகளுக்காக மார்கரெட்டே ஷூட்டே-லிஹோட்ஸ்கி என்ற கட்டடக் கலைஞர் வடிவமைத்த சமையலறை ஏறக்குறைய 1.9 மீட்டருக்கு 3.4 மீட்டர்தான். வேலை செய்பவர் எத்தனை அடி நடக்கிறார் என்று கணக்கிட்டு ஒவ்வொன்றுக்கும் இடம் குறித்தார். அதுவரை தான் சமைத்ததே இல்லை என்று பின்னாளில் அவரே சொல்லியிருக்கிறார், அது வேறு கதை! தினமும் எடுப்பது இடுப்புக்கும் தோளுக்கும் நடுவே, கனமானது கீழே, எப்போதாவது எடுப்பது உச்சியில். மேடைக்கு மேல் தனி விளக்கு ஒன்று போடு. கூரையில் மட்டும் விளக்கு இருந்தால் உன் நிழலிலேயே நீ காய் நறுக்குவாய்.

அலமாரிகளில் ஆழத்தைக் கவனி. ஹேங்கரில் சட்டை தொங்க 60 செ.மீ. ஆழம் வேண்டும். புத்தகத்துக்கு 25 அல்லது 30 போதும். அதற்குமேல் ஆழமான தட்டு வைத்தால் முன்னால் ஒரு வரிசை, பின்னால் மறந்துபோன ஒரு வரிசை. ஆழம் தவிர்க்க முடியாத இடத்தில் தட்டுக்குப் பதில் இழுப்பறை வை. புத்தகத் தட்டு நீளமாக இருந்தால் நடுவே தொய்யும். ஒரே தடிமனுள்ள பலகையின் நீளம் இரண்டு மடங்கானால், அதை நிறையப் புத்தகம் அடுக்கும்போது தொய்வு பதினாறு மடங்காகும். நடுவில் செங்குத்தாக ஒரு தடுப்பு வைத்தால் செலவில்லாமல் தீரும்.

எந்தப் பலகை என்று கேட்டிருந்தாய். மரத்தூளை அழுத்திச் செய்த பலகை மலிவு, வழவழப்பு, பார்வைக்குக் குறையில்லை. ஆனால் ஓரத்தில் ஈரம் இறங்கினால் உப்பிவிடும், பிறகு இறங்காது. கைகழுவும் தொட்டிக்கு அடியில் அதை வைக்கவே வைக்காதே, அங்கே ஈரம் தாங்கும் பிளைவுட்தான். இன்னொன்று, ஒருமுறை கழற்றிய திருகாணி அதில் பழைய பிடிப்போடு இறங்காது. நீ வேலைக்காக ஊர் ஊராக மாறுபவன், கழற்றிப் பூட்டுவது உனக்கு முக்கியம். மைக்கேல் தோனெட் என்ற மரச்சாமான் தயாரிப்பாளர் 1859இல் கொண்டுவந்த 14ஆம் எண் நாற்காலியில் ஆறே மரத்துண்டுகள், பத்துத் திருகாணி, இரண்டு நட்டு. கழற்றினால் ஒரு கன மீட்டர்ப் பெட்டிக்குள் 36 நாற்காலி அடங்கும். அந்தப் புத்தி இருக்கிற பொருளாகத் தேடு.

உயரமான அலமாரி, இழுப்பறைப் பெட்டி எதுவானாலும் சுவரோடு பிணைத்துவிடு. எல்லா இழுப்பறையையும் ஒன்றாகத் திறந்தால் பாரம் முன்னால் வந்து பெட்டியே கவிழும். குழந்தைகள் அவற்றைப் படிக்கட்டாக நினைத்து ஏறுவார்கள். இதை நாளைக்கு என்று தள்ளாதே. வெளிச்சுவரை ஒட்டி வைக்கும் அலமாரிக்குப் பின்னால் மட்டும் காற்றுப் போக நாலு விரல் இடம் விட்டுப் பிணைக்க வேண்டும், இல்லாவிட்டால் பூஞ்சை பிடிக்கும்.

கடைசியாக, உங்கள் சண்டை. அவள் திறந்த தட்டு கேட்கிறாள், நீ கதவு வேண்டும் என்கிறாய். தினமும் கைபடும் பொருளில் தூசி தங்காது, அவற்றுக்குத் திறந்த தட்டே சௌகரியம். மற்றதற்குக் கதவு. இதிலும் ஒத்துப்போகவில்லையென்றால் தூசி துடைக்கப்போவது யாரோ அவர் சொல்வதைச் செய்யுங்கள்.

அன்புடன்,
அம்மா