பெட்டி வாங்கினால் மட்டும் போதாது

ஆசிரியர் அவர்களுக்கு, வணக்கம்.

போன மாதம் உங்கள் வாசகர் பகுதியில் ஒருவர், கைப்பேசிப் படங்களை வைத்துக்கொள்ள வெளிநாட்டு நிறுவனங்களுக்கு மாதாமாதம் பணம் கட்டுவது வீண், சின்னக் கணினி ஒன்றை வீட்டில் வைத்து எல்லாவற்றையும் அதிலேயே சேமிக்கலாம் என்று எழுதியிருந்தார். பெட்டியை வாங்கி வைத்துவிட்டால் வேலை முடிந்தது என்கிற மாதிரி முடித்திருந்தார். பாதி சரி. மீதிப் பாதியை நான் எழுதுகிறேன். அந்த மாதிரிப் பெட்டி என் வீட்டு டிவிக்குக் கீழே மூன்று வருடமாக ஓடிக்கொண்டிருக்கிறது. அதற்கு முன்னால் 26 வருடம், அதற்குள் சுற்றுகிற தட்டைச் செய்யும் இடத்தில்தான் எனக்குச் சம்பளம்.

பினாங்கு பாயான் லெப்பாஸில் ஹார்ட் டிஸ்க் தட்டு செய்யும் தொழிற்சாலை. விடியற்காலை ஃபேக்டரி பஸ், தலை முதல் கால் வரை வெள்ளை உடை, தூசி நுழையாத அறை. எங்களுக்குப் பவுடர் பூசிக்கொள்ளக்கூட அனுமதி கிடையாது. காரணம் இதுதான்: தட்டு நிமிடத்துக்கு 5,400 அல்லது 7,200 சுற்று சுற்றும். அதைப் படிக்கும் முனை தட்டைத் தொடாமல் சில நானோமீட்டர் உயரத்தில் மிதந்துகொண்டிருக்கும். நம் தலைமுடியின் தடிப்பு எழுபதாயிரம், எண்பதாயிரம் நானோமீட்டர் வரும் என்றால் கணக்குப் போட்டுக்கொள்ளுங்கள். இவ்வளவு நெருக்கத்தில் ஓடுகிற ஒரு சாமான் வருடக்கணக்கில் வேலை செய்வதே எனக்கு இன்னும் ஆச்சரியம்தான். எல்லா டிஸ்க்கும் ஒருநாள் போகும் என்பதில் அங்கே இருந்தவர்கள் யாருக்கும் சந்தேகம் கிடையாது. முதல் வருடமா எட்டாவது வருடமா என்பதுதான் யாருக்கும் தெரியாது.

இவ்வளவு தெரிந்தவன் தன் வீட்டுப் படங்களை ஒழுங்காக வைத்திருந்தானா என்று கேட்டால், இல்லை. 2017 நவம்பர் 4 இரவு பினாங்கில் பெய்த மழையை யாரும் மறந்திருக்கமாட்டார்கள். அப்போது நாங்கள் ஜாலான் பி. ரம்லி பக்கம் ஒரு தரைவீட்டில் வாடகைக்கு இருந்தோம். தண்ணீர் முட்டிக்கு ஏறியபோது நானும் மனைவியும் குளிர்பெட்டியைத் தூக்கி மேசைமேல் வைக்கப் போராடினோம். அலமாரியின் கீழ்த்தட்டில் இருந்த ஆல்பங்கள் ஞாபகத்துக்கே வரவில்லை. குளிர்பெட்டி போனால் இன்னொன்று வாங்கலாம் என்று அந்த நேரத்தில் தோன்றவில்லை பாருங்கள். மறுநாள் ஆல்பத்தைப் பிரித்தால் படங்கள் பிளாஸ்டிக்கோடு ஒட்டிக்கொண்டு உரிந்தன. கல்யாணப் படத்தில் என் முகம் பாதி. அம்மா கெடாவில் பால்மரம் சீவிக்கொண்டிருந்த காலத்தில், தோட்டத்துக் கோயில் திருவிழாவில் எடுத்த ஒரே ஒரு படம் மட்டும் ஓரம் கறுத்துத் தப்பியது. அதை வெயிலில் காயவைத்துக் கைப்பேசியில் எடுத்து வைத்துக்கொண்டேன்.

அடுத்தது பெரியண்ணன். அப்பாவின் பழைய படங்களையெல்லாம் அவர்தான் ஸ்கேன் செய்து வைத்திருந்தார். 2020-இல், கோவிட் நடமாட்டக் கட்டுப்பாட்டு ஆணை நேரத்தில், திடீரென்று போய்விட்டார். அவருடைய கைப்பேசி எங்கள் கையில் இருந்தது, எண்பூட்டு யாருக்கும் தெரியாது. படங்கள் ஏதோ ஓர் இணையக் கணக்கில் இருக்கின்றன என்று அண்ணிக்குத் தெரியும், கடவுச்சொல் தெரியாது. இறப்புச் சான்றிதழை அனுப்பினோம், படிவம் நிரப்பினோம், பதில் வந்தது, மறுபடி படிவம் நிரப்பினோம். படங்கள் வரவில்லை. அந்த நிறுவனத்தை நான் குறை சொல்லமாட்டேன். கேட்டவர்களுக்கெல்லாம் திறந்து கொடுத்தால் அது என்ன பூட்டு? ஆனால் அப்பாவின் முகம் எங்கோ ஒரு நாட்டில், ஒரு கட்டடத்தில், ஒரு தட்டில் சுற்றிக்கொண்டிருக்கிறது என்பதை நினைத்தால் சில ராத்திரி தூக்கம் வராது.

சரி, பெட்டிக்கு வருகிறேன். 2021 ஜூன் 1 முதல் கூகுள் ஃபோட்டோஸில் அளவில்லாத இலவச இடம் நின்றது. மெயில், கோப்புகள், படங்கள் எல்லாவற்றுக்கும் சேர்த்து 15 ஜிபி, அதற்கு மேல் கட்டணம். எங்கள் குடும்பப் படங்களும் வீடியோவும் இன்றைக்கு 380 ஜிபி. வேலையிலிருந்து ஓய்வுபெற்ற பிறகுதான் இதற்கு உட்கார்ந்தேன். கொம்தார் பக்கத்தில் பழைய அலுவலகக் கணினி விற்கும் கடையில், சாப்பாட்டு டப்பா அளவில் ஒன்று, 280 வெள்ளி (ரிங்கிட்). பட்டர்வொர்த்தில் இருக்கும் தங்கை மகன் வந்து உபுந்து என்ற இலவச இயங்குதளத்தைப் போட்டான். மென்பொருள்களை ஓட்ட உதவும் டாக்கர் என்றால் என்ன என்று இரண்டு தடவை விளக்கினான், நானும் இரண்டு தடவை தலையாட்டினேன். படங்களுக்கு இமிச் என்ற மென்பொருள், காகிதங்களுக்கு சிங்திங். இரண்டும் இலவசம், அவற்றின் நிரலை யார் வேண்டுமானாலும் திறந்து பார்க்கலாம். வீட்டு வைஃபைக்குள் வந்ததும் நான்கு பேர் கைப்பேசியிலிருந்தும் படங்கள் தானாக இறங்கிவிடும்.

முகங்களைப் பிரித்து அடுக்கும் வேலையையும் இமிச் அந்தப் பெட்டிக்குள்ளேயே செய்கிறது, படம் வெளியே போவதில்லை. பழைய கணினி என்பதால் முதல் தடவை முழுவதையும் பார்த்து முடிக்க மூன்று ராத்திரி ஆனது. நான்காம் நாள் காலையில் திறந்தால், தோட்டத்துக் கோயில் படத்தில் இருந்த அம்மாவையும் என் மகளையும் ஒரே ஆள் என்று சேர்த்து வைத்திருந்தது. தவறுதான், திருத்தவேண்டியதுதான். மகள் திருத்த விடவில்லை.

இனி அந்த வாசகர் எழுதாமல் விட்டது. ஒத்திசைவு வேறு, காப்புப் பிரதி வேறு. சிங்திங் கைப்பேசியிலும் பெட்டியிலும் கோப்புகளை ஒரே மாதிரி வைக்கும். அதுதான் அதன் வேலை. ஒருநாள் கைப்பேசியில் இடமில்லை என்று என் மனைவி ஒரு கோப்புறையை அழித்தாள். உள்ளே வீட்டுப் பத்திரம், பிள்ளைகளின் பிறப்புச் சான்றிதழ், இ.பி.எஃப். காகிதங்கள். பெட்டி தன் கடமையைச் செய்தது. ஒரு நிமிடத்துக்குள் அங்கேயும் அழித்துவிட்டது. பழைய பதிப்புகளைக் கொஞ்ச நாள் ஒதுக்கி வைக்க அதிலேயே ஒரு வசதி உண்டு. நான்தான் போடாமல் விட்டிருந்தேன். மனைவியைத் திட்டவும் வழியில்லை.

காப்பாற்றியது கடலுக்கு அக்கரையில், பட்டர்வொர்த் பாகான் டாலாமில் தங்கை வீட்டு அரிசிப் பானைக்குப் பக்கத்தில் இருந்த ஒரு மைலோ டின். அதற்குள் துண்டில் சுற்றிய 2 டிபி டிஸ்க். இரண்டு டிஸ்க் வைத்திருக்கிறேன். ஒன்று என் வீட்டில், ஒன்று அங்கே. மாதம் ஒரு தடவை இங்கிருப்பதில் எல்லாவற்றையும் பிரதி எடுத்துக்கொண்டு, மோட்டார்சைக்கிளோடு ஃபெரி ஏறுவேன். 2023-இல் வந்த புது ஃபெரியில் கார் ஏற்றமாட்டார்கள், மோட்டார்சைக்கிளுக்கு இடம் உண்டு. கொண்டுபோனதை அங்கே வைத்து, அங்கிருந்ததை எடுத்துவருவேன். “அண்ணே, இந்த டின்னுக்காகத்தான் மாசாமாசம் தங்கச்சி ஞாபகம் வருதா?” என்று கேட்பாள். மீன்கறி சாப்பிட்டுவிட்டுத்தான் திரும்புவேன். இந்த விவரம் தெரிந்தவர்கள் மூன்று பிரதி, இரண்டு வகைச் சாதனம், ஒன்று வேறு இடத்தில் என்று ஒரு கணக்குச் சொல்வார்கள். இரண்டு வகைச் சாதனம் என்பதில் நான் இன்னும் கடன்காரன்தான். மூன்று பிரதியும் வேறு இடமும் தவறுவதில்லை.

ஒரே பெட்டியில் இரண்டு டிஸ்க் போட்டு, ஒன்றில் எழுதுவதை இன்னொன்றிலும் எழுதவைத்தால் போதாதா என்று பழைய வேலைத்தோழர் ஒருவர் கேட்டார். ஒரு டிஸ்க் செத்தால் அது உதவும், உண்மை. ஆனால் தவறி அழித்தால் இரண்டிலும் அழியும். திருடன் தூக்கினால் இரண்டும் போகும். இடி விழுந்தாலும் அப்படித்தான். நம் ஊர் இடியைப் பற்றி நான் சொல்லவேண்டியதில்லை. போன வருடம் ஒரு சாயங்காலம் எங்கள் மாடியில் மூன்று வீட்டு ரௌட்டர் போனது, என்னுடையதும் சேர்த்து. கம்பி வழியாகப் பெட்டிக்கும் வந்திருக்கலாம், தப்பித்தது. அப்புறம், மின்சாரம் போனாலும் பெட்டியைக் கொஞ்ச நேரம் ஓடவைக்கும் யூபிஎஸ் ஒன்று வாங்கினேன். பெருமழைக்கு மேகம் கூடினால் பிளக்கையும் உருவிவிடுகிறேன். படங்கள் ஒரு மணி நேரம் கழித்து இறங்கினால் யாருக்கும் நட்டமில்லை.

இன்னொன்று. வெளியூரில் இருந்தபடி வீட்டுப் படங்களைப் பார்க்க ஆசைப்பட்டு ரௌட்டரில் இணையத்திலிருந்து யாரும் நேராக உள்ளே வரும்படி வாசலைத் திறந்துவிடாதீர்கள். 2022 ஜனவரியில் இணையத்துக்கு நேராகத் திறந்துகிடந்த கியூநாப் நிறுவனத்தின் சேமிப்புப் பெட்டிகளில் டெட்போல்ட் என்கிற மென்பொருள் நுழைந்து, கோப்புகளைப் பூட்டிவைத்து, திறக்க 0.03 பிட்காயின் கேட்டது. படங்கள் தம் வீட்டில்தான் இருக்கின்றன என்று நிம்மதியாக இருந்தவர்கள்தான் அவர்களும். நான் டெயில்ஸ்கேல் என்ற மென்பொருளைப் போட்டிருக்கிறேன். எங்கள் கருவிகளுக்கு மட்டும் ஒரு தனிச் சுரங்கப்பாதை மாதிரி. இன்னொரு லாபமும் உண்டு. பல இடங்களில் இணைய நிறுவனங்கள் ஒரே வெளி முகவரியைப் பல வீடுகளுக்குப் பங்குபோட்டுக் கொடுக்கின்றன. அப்படிப்பட்ட வீட்டில் வாசலைத் திறந்தாலும் வெளியிலிருந்து யாரும் வந்து சேரமுடியாது. இந்தச் சுரங்கம் அங்கேயும் வேலை செய்யும். கோலாலம்பூரில் வேலை செய்யும் மகள் தைப்பூசத்துக்கு வரமுடியாத வருடம், தண்ணீர்மலை ஏறிய காவடிப் படங்களை அன்று ராத்திரியே அங்கே செத்தாப்பாக்கில் உட்கார்ந்து பார்த்தாள்.

செலவையும் சொல்லிவிடுகிறேன், அந்த வாசகர் அதைத்தானே பெரிதாக எழுதியிருந்தார். கணினி, வெளி டிஸ்க் இரண்டு, யூபிஎஸ் எல்லாம் சேர்ந்து ஆயிரம் வெள்ளியைத் தாண்டிவிட்டது. பெட்டி சும்மா இருக்கும்போது 10 வாட் அளவுதான் இழுக்கும். மாதத்துக்கு ஏழு யூனிட் சொச்சம், மூன்று நான்கு வெள்ளி. இதில் என் ஞாயிற்றுக்கிழமைகளை நான் சேர்க்கவில்லை. காசு மிச்சம் பிடிக்க மட்டும் என்றால் பேசாமல் மாதக் கட்டணத்தைக் கட்டிவிட்டு, வருடத்துக்கு ஒரு தடவை எல்லாவற்றையும் ஒரு டிஸ்க்கில் இறக்கி வைத்துக்கொள்வதே மேல். வெட்கப்பட ஒன்றும் இல்லை.

எனக்கு ரொம்ப நாள் உறுத்தியது வேறு விஷயம். அண்ணன் வீட்டில் நடந்தது என் வீட்டில் இன்னும் மோசமாக நடக்கும். அங்கே படிவம் அனுப்பவாவது ஒரு நிறுவனம் இருந்தது. இங்கே நிறுவனமும் நான்தான், காவல்காரனும் நான்தான். நான் போய்விட்டால் டிவிக்குக் கீழே பச்சை விளக்கு எரியும் ஒரு டப்பாதான் மிஞ்சும். அதனால் ஒரு 555 நோட்டு வாங்கினேன். கடைக்காரர்கள் கடன் எழுதுவார்களே, அதே சின்ன நோட்டு. எந்தப் பொத்தானை அமுக்குவது, எந்தக் கடவுச்சொல், மைலோ டின் எங்கே, டிஸ்க்கை எந்தக் கணினியில் செருகினாலும் படங்களைச் சாதாரணக் கோப்பாகவே பார்க்கலாம் என்பது வரை பேனாவால் எழுதி, சாமி அலமாரி இழுப்பறையில் வைத்தேன்.

அப்புறம் ஒரு சனிக்கிழமை மனைவியிடம் நோட்டைக் கொடுத்து, நான் செத்துவிட்டதாக வைத்துக்கொள், அம்மாவின் தோட்டத்துப் படத்தைத் தங்கை வீட்டிலிருந்து எடுத்துவந்த டிஸ்க்கிலிருந்து எடு என்றேன். “விளக்கு வைக்கிற நேரத்துல என்ன பேச்சுங்க இது” என்று கோபப்பட்டாள். நான் கீழே காப்பிக்கடையில் போய் உட்கார்ந்துகொண்டேன். நாற்பது நிமிடம் கழித்துக் கைப்பேசியில் படம் வந்தது, ஓரம் கறுத்த அதே படம். கூடவே ஒரு செய்தி: ஆறாவது வரியில் 1 என்று எழுதியிருப்பது எண்ணா, ஆங்கில எழுத்தா என்று தெரியாமல் அரை மணி நேரம் போய்விட்டதாம். மேலே ஏறிப் போய் அந்த வரியை அடித்துவிட்டுப் பெரிதாக எழுதினேன்.

இப்படிக்கு,
ஓய்வுபெற்ற தொழிற்சாலைத் தொழிலாளி,
ஃபார்லிம், ஆயர் ஈத்தாம், பினாங்கு