அணை மட்டம் சரி, அலை மட்டம் எங்கே?

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். குளச்சலில் வலை, தூண்டில் முள், தங்கூசி என்கிற நைலான் நரம்பு, ஈயம், கயிறு விற்கும் கடை வைத்திருக்கிறேன். அப்பா காலத்துக் கடை. அண்மையில் உங்கள் ஞாயிறு இணைப்பில், கடற்கரையில் நின்று தூண்டில் போடும் பொழுதுபோக்கைப் பற்றி ஒரு முழுப் பக்கம் வந்திருந்தது. படங்கள் நன்றாக இருந்தன. மறுநாளே அந்தப் பக்கத்தை மடித்துப் பையில் வைத்துக்கொண்டு கடைக்கு ஆட்கள் வந்தார்கள். எனக்கு அதனால் வியாபாரம்தான், குறை சொல்லக் கூடாது. ஆனாலும் கம்பு எத்தனை அடி, ரீல் என்ன ரகம் என்றெல்லாம் விலாவாரியாக எழுதியவர், கடல் எப்படி இருக்கும் என்று ஒரு வரி எழுதவில்லை. அணை மட்டம் போடுகிற உங்கள் மாவட்டப் பக்கத்தில் கடலின் நிலைக்கும் நான்கு வரி கேட்டுத்தான் இந்தக் கடிதம்.

புதிதாகத் தூண்டில் வாங்க வருகிறவர்களில் பெரும்பாலானோர் கடல் இல்லாத ஊர்க்காரர்கள். தர்மபுரி, நாமக்கல், கரூர் பக்கம். வேலை மாற்றலாகி நாகர்கோவிலிலோ தக்கலையிலோ வீடு எடுத்திருப்பார்கள். ஏரியிலும் வாய்க்காலிலும் மண்புழு கோத்து ஜிலேபி பிடித்த கை. வந்ததும், "அக்கா, நெய்மீன் பிடிக்கணும், எந்த ராடு நல்லது?" என்பார்கள். நெய்மீனுக்கு ஆழத்துக்கு வள்ளத்தில் போக வேண்டும் மக்களே, கரையில் நின்று தொடங்குகிறவருக்கு மடவையும் கெளுத்தியும் காரலும் பாரைக் குஞ்சும்தான் என்று சொன்னால் முகம் வாடிவிடும். நான் என்ன செய்ய?

அவர்களுக்கு நான் எடுத்துப் போடுவது 7 அடிக் கம்பு, நடுத்தர ரீல், 35 அல்லது 40 நம்பர் தங்கூசி, கொஞ்சம் சிறிய முள், ஓட்டை ஈயம். இவ்வளவு போதும். 12 அடிக் கம்பு கேட்டு அடம் பிடிப்பவர்கள் உண்டு. மணல் கரையில் அலைக்கு அப்பால் எறியத்தான் அந்த நீளம். பாறையில் நின்று அதைச் சுழற்றினால் ஆளே நிலை தடுமாறுவார். முள்ளைக் கட்டுவதையும் கடையிலேயே காட்டிக் கொடுப்பேன். நுனியை முள்ளின் காதில் நுழைத்து, தங்கூசியின் மேலேயே ஐந்தாறு சுற்று சுற்றி, காதுக்குப் பக்கத்தில் விழுந்த முதல் வளையத்துக்குள் கொடுத்து இழுக்க வேண்டும். இழுப்பதற்கு முன் முடிச்சில் எச்சில் தொட வேண்டும். ஈரமில்லாமல் இறுக்கினால் உரசிய சூட்டில் தங்கூசி அந்த இடத்தில் வெளிறிப்போய் வலு இழந்துவிடும். மீன் இழுக்கும்போது சரியாக அங்கேதான் அறும். படித்த பிள்ளைகள் எச்சில் தொடக் கூச்சப்படுகிறார்கள். தண்ணீர் பாட்டிலைத் திறந்து ஒரு சொட்டு விடுகிறார்கள். அதுவும் சரிதான்.

இரைக்குச் சாளையை வெட்டிக் கொண்டுபோனால் சதை கரைந்து, முள் வெறுமையாகத் திரும்பும். முந்தின ராத்திரியே துண்டு போட்டுக் கல்லுப்பு தூவி வைத்தால் இறுகிக்கொள்ளும். உயிர் இறால் கிடைத்தால் அதற்கு மேல் ஒன்றும் வேண்டாம். திரும்பி வந்ததும் ரீலை நல்ல தண்ணீரில் அலச வேண்டும். அலசாமல் வைத்துவிட்டு அடுத்த மாதமே துருப்பிடித்ததைக் கொண்டுவந்து என் மேஜையில் வைத்துச் சண்டை போட்டவர்களும் இருக்கிறார்கள்.

எங்கே போவது என்று கேட்டால், முதலில் மணக்குடிக்குப் போங்கள் என்பேன். பழையாறு கடலில் சேரும் இடம். கீழமணக்குடி ஒரு கரை, மேலமணக்குடி மறு கரை. நடுவிலிருந்த பழைய பாலத்தை 2004 டிசம்பர் 26-ல் சுனாமி கொண்டுபோய்விட்டது. இப்போது இருப்பது புதுப் பாலம். காயல் பக்கம் தண்ணீர் அமைதியாக இருக்கும், பாறை கிடையாது, அலையாத்திச் செடி ஓரத்தில் மடவை துள்ளும். யோகம் இருந்தால் கொடுவாவும் கிடைக்கும். நம் கரையில் கடல் மட்டத்தின் ஏற்றத்துக்கும் இறக்கத்துக்கும் ஒரு மீட்டர்கூட வித்தியாசம் வராது. ஆனால் பொழிமுகத்தில், அதாவது ஆறு கடலில் சேரும் வாயில், அந்தக் கொஞ்ச வித்தியாசமே ஆற்றைத் திருப்பிவிடும். கடல் ஏறி உப்புத் தண்ணீர் உள்ளே வரும் நேரத்தில்தான் மீனும் கூடவே வரும். ஒரு நாளைக்கு இரண்டு ஏற்றம். அடுத்த நாள் அதே ஏற்றம் ஏறக்குறைய 50 நிமிஷம் தள்ளி வரும். அமாவாசை, பௌர்ணமியை ஒட்டி ஓட்டம் வேகமாக இருக்கும். பொழி மண் மூடிக் கிடக்கிற மாதங்களில் இந்தக் கணக்கு எதுவும் பலிக்காது. இறக்கத்தின்போது பொழிமுகத்தில் முழங்கால் தண்ணீரில்கூட இறங்கி நிற்க வேண்டாம் என்பதைத் தனியாகச் சொல்லி அனுப்புகிறேன். தண்ணீர் காலடி மண்ணை அரித்து ஆளைக் கடலுக்கு இழுக்கும்.

படத்தில் அழகாக இருப்பது முட்டம். கலங்கரை விளக்கத்துக்குக் கீழே இருக்கிற பாறைகளில் நின்று எடுத்த படத்தைத்தான் நீங்களும் போட்டிருந்தீர்கள். அங்கே மீன் உண்டு, மறுக்கவில்லை. பாறை இடுக்கில் கலவா இருக்கும், காலையும் மாலையும் பாரை வரும். ஆனால் அலை தொடும் உயரம் வரை பாறையில் பச்சைப் பாசி படிந்திருக்கும். ரப்பர் செருப்புக்கு அது எண்ணெய் தடவிய தரை. விழுந்தால் பாறையில் ஒட்டிக் கிடக்கிற சிப்பியும் கொட்டலசும் தோலைச் சீவிவிடும். கடல் அரிப்பைத் தடுக்கக் கரையிலிருந்து கடலுக்குள் நீட்டிக் கட்டிய 'தூண்டில் வளைவு' சுவர்களில் போட்டிருக்கும் பெரிய கற்களும் அப்படித்தான். கல்லுக்கும் கல்லுக்கும் இடையில் ஆள் விழுகிற அளவு இடைவெளி இருக்கும்.

பாறையில் ஏறுவதற்கு முன் கால் மணி நேரம் கரையில் சும்மா நின்று அலையைப் பார்க்கச் சொல்வேன். பெரிய அலை தனியாக வராது, மூன்று நான்காகச் சேர்ந்து வரும். நடுவில் வெகுநேரம் கடல் சாதுவாக இருக்கும். அந்தச் சாது நேரத்தில் வந்தவர்தான் கீழே இறங்கிப் போய் நிற்பார். பாறையில் ஈரம் எதுவரை ஏறியிருக்கிறது என்று பார்த்து, அதற்கும் நல்ல மேலே காய்ந்த இடத்தில் நின்று எறிய முடியாவிட்டால் அன்றைக்கு அந்தப் பாறை வேண்டாம்.

ஆனி, ஆடியில் மேற்குக் கரை கொந்தளிப்பது பார்த்தாலே தெரியும்; யாரும் எச்சரிக்கத் தேவையில்லை. எனக்குப் பயம் சித்திரை, வைகாசி மேல்தான். காற்று இருக்காது, வானம் வெளுத்திருக்கும், சுற்றுலாக் கூட்டமும் அப்போதுதான் அதிகம். பல ஆயிரம் கிலோமீட்டருக்கு அப்பால் இந்தியப் பெருங்கடலின் தென்பகுதியில் அடித்த புயலின் அலை, நாள் கணக்கில் பயணம் செய்து இங்கே வந்து கரையேறும். அதுதான் கள்ளக்கடல். 2024 மே 6-ம் தேதி கணபதிபுரம் பக்கத்து லெமூர் கடற்கரையில் மருத்துவம் படித்த 5 பிள்ளைகளைக் கொண்டுபோனது. அந்த நாட்களுக்குக் கள்ளக்கடல் எச்சரிக்கை கொடுக்கப்பட்டிருந்தது. நின்றிருந்த பிள்ளைகளுக்கு அது போய்ச் சேர்ந்ததா என்பதுதான் கேள்வி. 2017 ஒக்கிப் புயலிலும் நாங்கள் பார்த்தது இதுதான். ஆழ்கடலுக்குப் போயிருந்தவர்களின் காதுக்குச் சேதி எட்டுவதற்குள் புயல் எட்டிவிட்டது. தூத்தூர் பக்கத்து ஊர்களில் அதற்குப் பிறகு எத்தனை வீட்டில் ஆண் இல்லை என்று உங்கள் நிருபர்களே எழுதினார்கள்.

இன்னொரு விஷயம் வெளியூர்க்காரர்களுக்குத் தெரியாது. எங்கள் கடற்கரை ஊர்களில் ஞாயிற்றுக்கிழமை கடலுக்குப் போகிற வழக்கம் இல்லை. வள்ளங்கள் கரையில் ஏறிக் கிடக்கும், ஆட்கள் கோயிலுக்கும் வீட்டுக்கும் போயிருப்பார்கள். புதியவர்கள் வருவதோ அதே ஞாயிறு. மற்ற நாளில் வந்தால், கரையில் கிழிந்த வலையைப் பொத்திக்கொண்டிருக்கிற ஒரு பெரியவர் "தம்பி, இன்னைக்குக் கடல் சரியில்ல, அங்க போவாத" என்று தானாகவே கத்திச் சொல்வார். ஞாயிற்றுக்கிழமை அந்தக் குரலும் இல்லை. ஆள் விழுந்தால் உடனே வள்ளத்தைத் தள்ளக் கையும் இல்லை. சனிக்கிழமை சாயங்காலம் என் கடையில் இரை வாங்குகிறவர்களிடம் இதைச் சொன்னால், எங்களுக்கு ஞாயிறுதானே லீவு என்கிறார்கள். அதுவும் நியாயம்தான்.

மீன் மாட்டிய பிறகும் ஒன்றிரண்டு சொல்ல வேண்டியிருக்கிறது. கெளுத்தியை முதல்முறை பிடிப்பவர் அப்படியே உள்ளங்கையால் அமுக்குவார். முதுகில் ஒரு முள், இரண்டு பக்கமும் ஒவ்வொன்று, மூன்றும் விறைத்து நிற்கும், மூன்றிலும் விஷம். துணியோ குறடோ இல்லாமல் தொடவே கூடாது. ஓரா மீனின் முள்ளும் திருக்கையின் வால் முள்ளும் அப்படியே. குத்திவிட்டால் ஐஸ் வைக்க வேண்டாம். கை பொறுக்கிற அளவு வெந்நீரில் குத்திய இடத்தை அரை மணி நேரத்துக்குக் குறையாமல் முக்கி வைத்தால் வலி தணியும். பிறகு ஆஸ்பத்திரிக்குப் போக வேண்டும். வயிறு ஊதுகிற பேத்தையைத் திரும்பக் கடலில் விட்டுவிட வேண்டும். அதன் விஷம் எவ்வளவு கொதித்தாலும் போகாது. ஆமை தப்பித் தவறித் தூண்டிலில் சிக்கினால் முள்ளை எடுத்துவிட்டு விட வேண்டும். 1972-ம் ஆண்டின் வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டத்தில் அதற்குக் காவல் உண்டு, வைத்திருந்தால் வழக்கு. அறுந்த தங்கூசியை மணலில் விட்டுப் போகிறவர்கள் மேல்தான் எனக்குத் தீராத கோபம். முள்ளோடு விட்டுப் போகிறார்கள். அந்த மணலில் எங்கள் பிள்ளைகள் வெறுங்காலோடு பந்து விளையாடுகிறார்கள்.

மீன்பிடித் தடைக்காலத்தில் தூண்டில் போடலாமா என்று நிறையப் பேர் கேட்கிறார்கள். தடை விசைப்படகுக்கு, கரையில் நிற்பவருக்கு அல்ல. நம் மாவட்டத்தில் அதுவும் இரண்டு கணக்கு: சின்னமுட்டம் பக்கம் கிழக்குக் கரையோடு சேர்ந்து ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை, குளச்சல், தேங்காய்ப்பட்டணம் பக்கம் மேற்குக் கரையோடு ஜூன் 1 முதல் ஜூலை 31 வரை. கரமடி, அதாவது கரையில் நின்று பலர் சேர்ந்து இழுக்கும் பெரிய வலை, இழுக்கிற இடத்தில் மட்டும் குறுக்கே தூண்டில் எறியாதீர்கள். கயிற்றைப் பிடித்திருக்கும் இருபது முப்பது பேரின் ஒரு நாள் கூலி அந்த மடிக்குள் இருக்கிறது.

இதையெல்லாம் நான் கடையில் நின்று ஒவ்வொருவருக்கும் சொல்கிறேன். இப்போது பலர் ஆன்லைனிலேயே வாங்கிவிடுகிறார்கள்; அவர்களுக்குச் சொல்ல யாரும் இல்லை. அதனால் உங்களிடம் கேட்கிறேன். மாவட்டப் பக்கத்தில் தினமும் பேச்சிப்பாறை 48 அடியில் எவ்வளவு, பெருஞ்சாணி 77 அடியில் எவ்வளவு, சிற்றாறு 18 அடியில் எவ்வளவு என்று போடுகிறீர்கள். விவசாயிகள் அதைப் பார்த்துத்தான் நாற்று போடுகிறார்கள், மிக நல்ல காரியம். அதற்குப் பக்கத்தில் நான்கு வரி கடலுக்கும் கொடுங்கள். ஹைதராபாத்தில் இருக்கும் இன்காய்ஸ் என்கிற கடல் தகவல் மையம், நீரோடி முதல் ஆரோக்கியபுரம் வரை என்று நம் கரையின் பெயரையே சொல்லி அலை உயர எச்சரிக்கை வெளியிடுகிறது. உங்கள் அலுவலகத்துக்கும் வராமலா இருக்கும்? எச்சரிக்கை பெரிதாக இருந்தால் செய்தியாகப் போடுகிறீர்கள். மற்ற நாளில் ஒன்றும் இல்லை. தினம் ஒரே இடத்தில் இருந்தால்தான் கண் தானாக அங்கே போகும்.

முதல் வரியில் அலை உயரம். இரண்டாவதில் மணக்குடி, குளச்சல் பக்கத்து ஏற்ற, இறக்க நேரம். மூன்றாவதில் காற்று. நான்காவதில் உதவிக்கு அழைக்கிற எண்கள்: கடலோரப் பாதுகாப்புக் குழுமத்தின் 1093, கடலோரக் காவல்படையின் 1554. தினமும் இடம் இல்லை என்றால் சனி, ஞாயிறு மட்டுமாவது. அலை உயரத்தை வெறும் மீட்டரில் போட்டுவிடாதீர்கள். 2.5 மீட்டர் என்றால் நாமக்கல்லிலிருந்து வந்த தம்பிக்கு ஒன்றும் புரியாது. பக்கத்திலேயே "பாறையில் நிற்க வேண்டாம்" என்று தமிழில் எழுதிவிடுங்கள்.

இப்படிக்கு,
வலைக்கடை நடத்தும் வாசகி,
குளச்சல், கன்னியாகுமரி மாவட்டம்.